ஹேமாவதி போட்டால் மட்டும் ஓடாத கம்ப்யூட்டர்

பள்ளிக்கூடத்துக்கு வந்த ஆறு கம்ப்யூட்டர்களிலும் ஹார்டு டிஸ்க் இல்லை என்று தெரிந்தபோது, ஹுமைராவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை தன் பழைய கம்ப்யூட்டர்களைப் பழவேற்காட்டுப் பள்ளிக்கு இலவசமாகக் கொடுத்திருந்தது. கொடுப்பதற்கு முன்பு, கம்பெனிக் கணக்கு வழக்கெல்லாம் இருந்த ஹார்டு டிஸ்க்குகளை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டது.

"அப்போ உள்ளே ஒண்ணுமே இல்லியா லாத்தா?" என்று கேட்டாள் ஹுமைரா. லாத்தா என்றால் அக்கா. அவளுடைய அக்கா ஷமீமா அதே கும்மிடிப்பூண்டியில் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல. ஆனாலும் ஓடும். நான் ஒரு சிடி தர்றேன். அதைப் போட்டா, சிடியில இருக்கிறது எல்லாம் கம்ப்யூட்டரோட நினைவகத்துக்குள்ள ஏறிக்கும். ஏறினப்புறம் சிடியை வெளியே எடுத்துடலாம்."

"எடுத்துட்டா எப்படி ஓடும்?"

"அதான் உள்ளே ஏறிடுச்சே!"

"அப்போ நாளைக்கும் இருக்குமா?"

"ஊஹூம். சுவிட்சை அணைச்சா எல்லாம் போயிடும். மறுபடியும் சிடி போடணும்."

ஹுமைரா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஏறுமாம், இருக்குமாம், அப்புறம் போய்விடுமாம். ஆறாம் வகுப்புப் பாடம் எதிலும் இப்படி ஒன்று வரவில்லை.

அந்த சிடிக்குள் இருந்த மென்பொருளை முதலில் எழுதியவர் எங்கோ வெளிநாட்டில் இருந்த ஒருவர். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார். பிறகு அவருக்கு நேரமில்லாமல் போனது. அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை ஷமீமா ஏற்றுக்கொண்டாள். தினமும் வேலையிலிருந்து வந்து தேநீர் குடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். யாராவது குறை சொல்லி எழுதியிருந்தால் அதைச் சரிசெய்வாள். சம்பளம் கிடையாது.

"ஊருக்கெல்லாம் ரிப்பேர் பாக்குற. நம்ம ஊட்டு மிக்ஸியைப் பாக்க மாட்டேங்குறியே!" என்று உம்மா மட்டும் அவ்வப்போது கேட்பார்.

ஷமீமா சொன்னபடியே கம்ப்யூட்டர்கள் ஓடின. ஆறு கம்ப்யூட்டருக்கு மூன்று சிடி. ஒருவர் போட்டு எடுத்ததும் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் படம் வரைந்தார்கள், தங்கள் பெயரைத் தட்டச்சு செய்தார்கள். எல்லோரையும்விட அழகாக வரைந்தவள் ஹேமாவதி. அவள் அப்பா ஏரியில் இறால் பிடிப்பவர். அவள் வரைந்த படகில் வலையின் கண்களைக்கூட எண்ணிவிடலாம்.

"அடுத்த வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரங்க பார்க்க வர்றாங்க. ஹேமாவதிதான் அவங்களுக்குக் கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டணும்" என்று ஞானம்மா டீச்சர் அறிவித்தார்.

ஒரே ஒரு தொல்லைதான் இருந்தது. சிடியைப் போட்டதும் திரை இரண்டு நிமிடம் கறுப்பாகவே இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்து யாராவது சுவிட்சை அணைத்துவிடுவார்கள். ஹுமைரா இதைச் சொன்னதும், ஷமீமா மென்பொருளில் ஒரு மாற்றம் செய்தாள். இனிமேல் திரையில் ஒவ்வொன்றாகப் பத்துப் புள்ளிகள் வரும். அதன் பிறகு, 'இப்போது சிடியை எடுக்கலாம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். ஏழாவது பதிப்பு என்று அதற்குப் பெயர் வைத்து இணையத்திலும் போட்டாள், பள்ளிக்கூடத்து சிடிகளிலும் ஏற்றிக் கொடுத்தாள்.

குழப்பம் அதன் பிறகுதான் ஆரம்பித்தது.

திங்கட்கிழமை ஹேமாவதி சிடியைப் போட்டாள். புள்ளிகள் வந்தன, வரி வந்தது, படமும் வந்தது. அவள் வரையத் தொடங்கியதும் எல்லாம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

"வேற கம்ப்யூட்டர்ல உட்காரு" என்றார் டீச்சர்.

அங்கேயும் உறைந்தது. மூன்றாவதிலும் அதே கதைதான்.

அவள் விட்டுவிட்டு வந்த முதல் கம்ப்யூட்டரில் அருண்பாண்டியன் போய் உட்கார்ந்தான். அவன் வகுப்பிலேயே பெரிய சோம்பேறி. சிடியைப் போட்டுவிட்டுப் பக்கத்துப் பையனிடம் கிரிக்கெட் கதை பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒழுங்காக ஓடியது!

"பாத்தியா, என் கைராசி அப்படி!" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். "ஹேமாவதி கை பட்டாத்தான் ஓட மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். ஹேமாவதி சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே நடந்தது. மற்றவர்களுக்கும் எப்போதாவது நின்றது. ஆனால் ஹேமாவதிக்கு ஒவ்வொரு தடவையும் நின்றது. மற்றவர்கள் தங்கள் கம்ப்யூட்டர் பக்கம் அவளை வரவிடவில்லை.

"ஏய், தொடாத! நின்னுடும்!"

ஞானம்மா டீச்சருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "வெள்ளிக்கிழமை அருண்பாண்டியனே காட்டட்டும்மா. வந்தவங்க முன்னாடி நின்னுபோச்சுன்னா நல்லா இருக்காது" என்றார்.

ஹேமாவதி எழுந்து போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டாள். கையைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்து வைத்திருந்தாள். ஹுமைராவால் அதைப் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஷமீமாவும் கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன லாத்தா?"

"ஏழாவது பதிப்பு ஓடலைன்னு பதினோரு பேர் மெயில் அனுப்பியிருக்காங்க. பேஜாரா இருக்கு. என் கம்ப்யூட்டர்ல நாப்பது தடவை போட்டுப் பாத்துட்டேன், ஒரு தடவைகூட நிக்கல! இதைப் பாரேன், ஒருத்தர் எழுதியிருக்கார். அவர் போட்டா ஓடலையாம். அவங்க அம்மா போட்டா ஓடுதாம்."

"எங்க ஸ்கூல்லயும் அப்படித்தான் லாத்தா! ஹேமாவதி போட்டா ஓடல, அருண்பாண்டியன் போட்டா ஓடுது."

"கம்ப்யூட்டருக்கு யாரு போடறாங்கன்னு எப்படித் தெரியும்?" ஷமீமா பெருமூச்சு விட்டாள். "விடு. சிடியில பழைய பதிப்பையே ஏத்திக் குடுத்துடறேன். அது நல்லாத்தானே ஓடுச்சு."

ஹுமைரா சரி என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஹேமாவதி நினைவுக்கு வந்தாள்.

"பழசைப் போட்டா கம்ப்யூட்டர் ஓடும். ஆனா ஹேமாவதி கைதான் சரியில்லைன்னு எல்லாரும் சொல்லிக்கினே இருப்பாங்களே? நாளைக்கு ஒரு நாள் மட்டும் பொறு லாத்தா. நான் பாத்துட்டு வர்றேன்."

"என்னத்தைப் பாப்பே?"

அதுதான் ஹுமைராவுக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை மதிய உணவு மணி அடித்ததும், டீச்சரிடம் கேட்டு ஹேமாவதியைக் கம்ப்யூட்டர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் தொட மாட்டேன்" என்றாள் ஹேமாவதி.

"எனக்காக ஒரே ஒரு தடவை. நீ எப்பவும் செய்யற மாதிரியே செய். நான் பக்கத்துல உட்கார்ந்து பாக்குறேன்."

"நின்னுடும்."

"நிக்கட்டும். நிக்கிறதைத்தான் பாக்கணும்."

அந்தப் பதில் ஹேமாவதிக்கு விநோதமாக இருந்தது. நிற்பதைப் பார்க்க ஆசைப்படும் ஆளை அவள் அதுவரை கண்டதில்லை. சிடியை எடுத்துப் போட்டாள்.

புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஹேமாவதி திரையையே பார்த்தாள். ஹுமைரா ஹேமாவதியையே பார்த்தாள். பத்தாவது புள்ளி வந்தது. வரி வந்தது. அதைப் படித்த மறுநொடியே ஹேமாவதி பொத்தானை அமுக்கி சிடியை வெளியே எடுத்துவிட்டாள்.

"ஏன் இவ்ளோ அவசரமா எடுக்குற?"

"எடுக்கலாம்னு போட்டிருக்கே. அதுவும் மூணே மூணு சிடி. அடுத்த ஆளு காத்துக்கினு இருக்குமே!"

ஹுமைரா யோசித்தாள். அருண்பாண்டியனிடமிருந்து சிடியை வாங்க வேண்டுமென்றால் நாலு தடவை கத்த வேண்டும். அவன் ஒருநாளும் உடனே எடுத்ததில்லை.

இதற்குள் கம்ப்யூட்டர் வழக்கம்போல உறைந்து நின்றது. ஹேமாவதியின் முகம் வாடியது.

"இன்னொரு தடவை போடு" என்றாள் ஹுமைரா. இந்தத் தடவை அவள் ஹேமாவதியைப் பார்க்கவில்லை. சிடி போடும் தட்டுக்குக் கீழே இருந்த சின்னப் பச்சை விளக்கைப் பார்த்தாள். அது மினுக் மினுக்கென்று மின்னியது. உள்ளே சிடி 'கிர்ர்' என்று சுற்றும் சத்தம் கேட்டது. பத்துப் புள்ளிகள் வந்தன. வரியும் வந்துவிட்டது.

விளக்கு இன்னும் மின்னிக்கொண்டே இருந்தது!

"எடுக்காத!" என்று ஹுமைரா ஹேமாவதியின் கையைப் பிடித்துவிட்டாள்.

"எடுக்கலாம்னு போட்டிருக்கு, ஹுமைரா."

"எடுக்கலாம்னுதானே போட்டிருக்கு? எடுத்தே ஆகணும்னு போடலியே! விளக்கு நிக்கிற வரைக்கும் எண்ணு."

இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். எழுபத்து மூன்றில் விளக்கு அணைந்தது, சத்தமும் நின்றது. ஹேமாவதி சிடியை எடுத்தாள். பயந்து பயந்து ஒரு கோடு போட்டாள். இன்னொரு கோடு போட்டாள். ஒரு படகு முழுதாக வந்துவிட்டது. கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை.

"ஓடுது!" ஹேமாவதி தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இரு, இன்னும் ஒண்ணு பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ஹுமைரா ஓடிப்போய் அருண்பாண்டியனைக் கூட்டி வந்தாள். சோற்றுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு வந்த கோபம் அவனுக்கு.

"இன்னாத்துக்குக் கூப்பிட்ட?"

"உன் கைராசியைக் காட்டு. ஆனா ஒண்ணு, அந்த வரி வந்ததும் உடனே சிடியை எடுக்கணும்."

"இவ்ளோதானே?" அவன் போட்டான், வரி வந்ததும் சட்டென்று எடுத்தான். படம் வந்தது. ஒரு கோடு போட்டதும் உறைந்து நின்றது.

ஹுமைராவும் ஹேமாவதியும் குதித்துக் குதித்துக் கைதட்டினார்கள். அருண்பாண்டியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நின்னுபோனதுக்கு ஏன் கைதட்டுறீங்க?" என்று பரிதாபமாகக் கேட்டான்.

சாயங்காலம் ஹுமைரா சொல்லி முடிப்பதற்குள் ஷமீமா கம்ப்யூட்டர் முன்னால் பாய்ந்து உட்கார்ந்தாள். வரி வரியாக மேலே போனாள், கீழே வந்தாள். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அடச்சே! முன்னெல்லாம் சிடியில இருக்கிறதை முழுசா ஏத்தி முடிச்சப்புறம்தான் அடுத்த வேலைக்குப் போகும். புள்ளி வைக்கணுமேன்னு, ரெண்டு வேலையையும் ஒரே நேரத்துல செய்யச் சொன்னேன். ஒரு பக்கம் ஏத்திக்கினே இருக்கும், இன்னொரு பக்கம் புள்ளி வைக்கும். ஆனா பத்துப் புள்ளி வெச்சதும், ஏத்தி முடிஞ்சுதான்னு பாக்காமலே சிடியை எடுக்கலாம்னு சொல்லிடுது."

"உன் கம்ப்யூட்டர்ல மட்டும் ஏன் நிக்கல?"

"இது புதுசு. பத்துப் புள்ளிக்குள்ள ஏத்தி முடிச்சிடும். உங்க ஸ்கூல்ல இருக்கிறது பழசு, மெதுவாத்தான் ஏத்தும்."

"அப்போ நிறைய மாத்தணுமா லாத்தா?"

"ஒரே ஒரு சொல் சேர்க்கணும்." ஷமீமா ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லைத் தட்டினாள். 'காத்திரு' என்று அதற்குப் பொருள். "இந்த ஒரு சொல்லை விட்டதுக்கு ரெண்டு நாளா மண்டையை உடைச்சுக்கினேன்!"

ஹுமைராவுக்கு மேலும் ஒரு குழப்பம். "பதினோரு பேர் எழுதினாங்களே, ஒருத்தருக்குக்கூடவா இது தெரியல?"

"எல்லாரும் 'ஓடல'ன்னு மட்டும்தான் எழுதினாங்க. பக்கத்துல உட்கார்ந்து எப்போ நிக்குது, எதுக்கப்புறம் நிக்குதுன்னு யாரும் பாக்கலியே. நானும்தான் பாக்கல."

வியாழக்கிழமை எட்டாவது பதிப்பு சிடிகளில் ஏறியது. வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து வந்த நான்கு பேர் முன்னால் ஹேமாவதி சிடியைப் போட்டாள், வரி வந்த உடனே எடுத்தாள். ஏரியும் படகும் பறவைகளும் திரையில் வந்தன. "தொடாத" என்று சொன்னவர்கள் எல்லாம் அவள் நாற்காலிக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அருண்பாண்டியன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை ஹேமாவதி ஹுமைராவின் வீட்டுக்கு வந்தாள். ஷமீமா இணையத்தில் எட்டாவது பதிப்பின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். என்னென்ன மாறியிருக்கிறது என்ற பட்டியலின் கீழே, 'இந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர்கள்: ஹேமாவதி, ஹுமைரா' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"உலகத்துல யார் இதை எடுத்தாலும் உங்க ரெண்டு பேர் பேரையும் பாப்பாங்க" என்றாள் ஷமீமா.

ஹேமாவதி திரையின் அருகே போய் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அவள் சந்தோஷத்தில் துள்ளுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவளோ நெற்றியைச் சுருக்கினாள்.

"அக்கா, என் பேருல 'டி'க்கு அப்புறம் ஒரு 'எச்' வரும். அது இல்லியே!"

ஷமீமா உற்றுப் பார்த்தாள். உண்மைதான். ஹுமைரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த ஒற்றை எழுத்துக்காகவே திங்கட்கிழமை ஒன்பதாவது பதிப்பு வெளிவந்தது. அதில் அப்படி என்னதான் மாறியிருக்கிறது என்று புரியாமல் நான்கு நாடுகளிலிருந்து நான்கு பேர் குழம்பிப்போய் மெயில் அனுப்பினார்கள். ஹேமாவதிக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை.