அடிப்பாகம் வழவழத்த குண்டு

ஆர்வில் ஸ்டாட்லர் ஹெஸ்டர் வீட்டுக் கதவைக் கையால் தட்டவில்லை, பூட்ஸ் காலால் உதைத்தார். கோட்டுப் பைக்குள் விட்ட கைகளை உள்ளே வந்த பிறகும் வெளியே எடுக்கவில்லை.

"பக்கத்துப் பண்ணை நாயைச் சுட்டது நான்தானாம், ஹெஸ்டர்! முதியோர் இல்லத்துக்குப் போயிட்டா கேஸ் கிடையாதுன்னு ஷெரீப் சொல்றார். என் பண்ணைய விட்டுட்டு எங்க போவேன், சொல்லு?"

ஷெரீப் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஹெஸ்டர் பதறவே மாட்டாள். பதறுவதெல்லாம் அவள் கூடவே சுற்றும் முடிதிருத்துபவன் டோபிதான்.

"அக்கா, நாய் உடம்புல சிவப்புச் சாயக் குண்டு! நம்ம ஊர்ல குண்டுக்குச் சிவப்பு பூசுறது இவர் ஒருத்தர்தானே? ரிவால்வரும் இவரோடதாம். சமையலறை டிராயர்ல பூட்டில்லாம கெடந்துதாம்."

"கொஞ்சம் வாயை மூடு, டோபி."

ஷெரீப் மெர்சரிடம் இருந்த குண்டை ஹெஸ்டர் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். மூக்கு நசுங்கியிருந்தது, அடிப்பாகம் கண்ணாடி போல வழவழப்பு. பிறகு ஆர்வில் சொந்தமாகக் குண்டு வார்க்கும் பட்டறையைத் திறக்கச் சொன்னாள். ஈயம் உருக்கும் சட்டி, சாயத்தூள், ரொட்டி சுடும் சின்ன அடுப்பு, அதற்குள் ஒரு கம்பிக் கூடை.

மாலையில் ஆர்வில் வீட்டுச் சமையலறையில் எல்லாரையும் உட்கார வைத்தாள். ஆர்விலின் மகள் ஜோலீன் காபி ஊற்றினாள்.

"சாயம் பூசின குண்டை அடுப்புல நிறுத்தி வச்சுச் சுட்டா அடி வழவழன்னு வரும். கூடையில கொட்டிச் சுட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, உடைச்செடுத்த இடமெல்லாம் வடு விழும். அப்புறம் அளவு சரியாக்குற வளையத்துல தள்ளினா பக்கம் மழமழன்னு ஆயிடும். அடியை மட்டும் வளையம் தொடாது. பட்டறையில இருக்கிற அத்தனைக்கும் அடியில வடு. நாய் உடம்புல இருந்ததுக்கு மட்டும் இல்ல."

"அப்பா எப்பவும் இடுக்கியால ஒண்ணொண்ணா நிறுத்தித்தான் வைப்பாரு!" என்றாள் ஜோலீன்.

"வைப்பாரு. மூணு வருஷம் முன்னாடி வரைக்கும். இப்ப இடுக்கி பிடிக்க முடியுதா, பெரியவரே?"

ஆர்வில் கைகளை மேசைமேல் வைத்தார். காபிக் கோப்பை தட்டோடு கடகடத்தது. டோபி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பழைய தோட்டா யார்கிட்ட இருக்கு?"

"அப்ப இவ பிறந்தநாளுக்கு ஒரு பெட்டியில அம்பது கொடுத்தேன்" என்றார் கிழவர் மெதுவாக. "வேற யாருக்கும் கொடுத்ததில்ல."

ஜோலீன் காபிப் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "ஆமா, நான்தான்! பதினாறு வருஷமா இந்தச் சாணிக்குள்ள கெடக்கேன். பண்ணைய வித்துட்டுப் போலாம்னா கேட்டியா நீ?"

"தினமும் எனக்கு எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டே," என்றார் ஆர்வில். "கை நடுங்குறது உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பழைய பெட்டியைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

மெர்சர் தொண்டையைச் செருமினார். "உங்க மேல கேஸ் இல்ல, ஆர்வில். நீங்க இங்கயே இருக்கலாம்."

கிழவர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தான் மாட்ட வரவில்லை. ஜோலீன் அசையவில்லை, டோபிதான் மாட்டிவிட்டான்.

"அந்த இல்லத்துல என்னை இறக்கி விட்டுடு, ஹெஸ்டர்," என்றார். "இந்த மேசையில இனிமே எனக்குச் சோறு இறங்காது."