உள்ளூர்க் கல்லூரி

சின்னவன் தட்டைத் தள்ளிய வேகத்தில் தண்ணீர் டம்ளர் உருண்டு விழுந்தது. பெரியவள் துணியோடு குனிந்தாள். அந்த வீட்டில் யார் எதைக் கொட்டினாலும் துடைப்பது மூத்த மருமகள்தான்.

"என்னாச்சு தம்பி? நேத்து இன்டர்வியூ..."

"நீங்க கேக்காதீங்க அண்ணி! எங்க படிச்சேன்னு கேட்டான், சொன்னேன். 'அந்தக் காலேஜ் பக்கம் நாங்க ஆள் எடுக்கவே வர்றதில்லையே'ன்னு சொல்லி அனுப்பிட்டான்!"

செத்துப்போன அவள் கணவனின் தம்பி அவன். பெயின்ட் கம்பெனிக் கிடங்கில் டப்பாக்களோடு மாரடிக்கும் உத்தியோகம். எம்.பி.ஏ. படிக்க அவனுக்குப் பெருநகரத்திலும் இடம் கிடைத்தது, உள்ளூரிலும் கிடைத்தது. பெருநகரத்துக் கல்லூரியில் பெரிய கம்பெனிகள் ஆள் பிடிக்க முட்டி மோதும். உள்ளூருக்கு வருவது பெயின்ட் கம்பெனியும் பால் பண்ணையும்தான். "இங்கேயே படி தம்பி" என்றவள் பெரியவள். தூக்கி வளர்த்தவள் சொல்கிறாளே என்று அவனும் மறுபேச்சு பேசவில்லை.

சொல்ல வைத்தது மாமியார். மூத்த மகனைப் பறிகொடுத்த அந்த மாதத்தில், "அங்க படிச்சா அங்கேயே வேலை, அங்கேயே குடித்தனம். இவனும் போயிட்டா நான் செத்துருவேன்டி... நான் சொன்னேன்னு மட்டும் அவனுக்குத் தெரிய வேணாம்" என்று மருமகளின் கையைப் பிடித்து அழுதாள். புருஷனை இழந்தவளுக்கு அந்த அழுகை புரிந்தது. அன்றிலிருந்து பழி அவளோடு குடியிருக்கிறது.

"வீட்டு வேலைக்கு ஒரு ஆம்பளை வேணும், அதுக்காக என்னைக் கட்டிப் போட்டுட்டீங்க!" சின்னவன் கத்தினான்.

மாமியார் வாயைத் திறந்தாள். பெரியவள் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். இப்போதாவது சொல்லிவிடுவாளா?

"நான்தான் போடா போடான்னு தலையால அடிச்சுக்கிட்டேனே! பெத்தவ பேச்சு எங்க எடுபடுது?"

அடிப் பாவி! பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஈரத்துணியைப் பிழிந்தாள்.

அறையிலிருந்து அவள் மகள் ஓடி வந்தாள். "அம்மா, சிட்டி காலேஜ்ல எனக்கு எம்.பி.ஏ. இடம் கிடைச்சிருச்சு! வர்றேன்னு பதிலும் அனுப்பிட்டேன்!"

மாமியாரின் முகம் வெளுத்தது. "ஐயையோ! இவளும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா? பெரியவளே, நீ சொன்னாத்தான் கேப்பா. அன்னைக்கு நான் அழுததுக்காக இவனை இங்கேயே படிக்கச் சொன்னியே... அதே மாதிரி இவகிட்டயும் சொல்லுடி!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன உளறினோம் என்று கிழவிக்கு உறைத்தது.

"அப்போ... நீயாம்மா?" என்றான் சின்னவன்.

"பாசத்துலடா... பெத்த பாசம்..."

அவன் அண்ணியின் காலடியில் சரிந்து விம்மினான். "வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே அண்ணி... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் அவனை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள். ஆனாலும் மாமியார்மேல் மனம் இளகவில்லை.

"சொன்ன வாய் என்னோடதுதானே தம்பி? உன் வாழ்க்கையை நானும் சேர்ந்துதான் கெடுத்தேன். என் பொண்ணுக்கு அதைச் செய்ய மாட்டேன். அவகூட நானும் கிளம்புறேன். நான் பாக்குறது பல் டாக்டர்கிட்ட டோக்கன் போடுற வேலைதானே, அது எந்த ஊர்லயும் கிடைக்கும்."

மாமியார் அவள் கையை இறுகப் பிடித்தாள். "என்னை அநாதையா விட்டுட்டுப் போறியாடி?"

பெரியவள் அந்த விரல்களை மெல்லப் பிரித்து விட்டாள்.

"ஏன் அத்தை அழறீங்க? நீங்க ஆசைப்பட்ட மாதிரி உங்க பிள்ளை உங்ககிட்டயே இருக்கான். இந்த உள்ளூர்ப் படிப்பை வெச்சுக்கிட்டு இனிமே அவன் நினைச்சாலும் எங்கேயும் போக முடியாது."