பருத்திப் புடவை

டிசம்பர் வறட்சியில் புனேயில் எதைத் தொட்டாலும் சுரீரென்று ஷாக் அடிக்கும். தேஹு ரோடுக்கு அப்பால் இருந்த அந்தப் பிளாஸ்டிக் பை அச்சிடும் ஆலையின் கதவைத் திறந்தபோது கார்லுக்கும் அப்படித்தான் இருந்தது. புது இன்ஜினீயர், முதல் நாள்.

மேனேஜர் ஸ்வாமிநாதன் அவனைப் பூட்டிக் கிடந்த பழைய கூடத்துக்கு அழைத்துப் போனார். சுவரெல்லாம் கரி. மை கரைக்கும் தின்னரின் நெடி இன்னும் மூக்கைத் துளைத்தது. மூன்று வருடத்துக்கு முன் சத்தியவதி என்ற பெண் பீப்பாயிலிருந்து தின்னர் ஊற்றும்போது இங்கேதான் எரிந்து செத்தாள் என்றார். உராய்வில் சேர்ந்த நிலைமின்சாரம், பொறியாகத் தாவிவிட்டதாம்.

பீப்பாய்க்கு எர்த் கம்பி மாட்டியிருந்தால் அந்த மின்னூட்டம் தரைக்குப் போயிருக்குமே என்று கார்ல் கேட்டான்.

"கம்பியெல்லாம் இருந்தது. அவதான் நைலான் புடவை கட்டிண்டு வந்தா. விசாரணையிலயும் அதைத்தான் சொன்னேன்."

படபட.

உடம்பிலிருந்து நைலான் துணியை உரிக்கும் சத்தம். கூடத்தில் துணியே இல்லை.

கார்லின் கைரோமம் சிலிர்த்து நின்றது. ஸ்வாமிநாதனின் நரைமுடி மெல்ல எழுந்து பின்பக்கம் சாய்ந்தது, அங்கே யாரோ நிற்பதுபோல. பேன்ட் அவர் கால்களை இறுக்கிப் பிடித்தது. அவரால் நகர முடியவில்லை.

"நான் கட்டியிருந்தது பருத்தி, சார்."

பெண் குரல். கார்லுக்கும் கேட்டது.

"அவசர ஆர்டர்னு கம்பியை நான்தான் கழட்டச் சொன்னேன்," என்று ஸ்வாமிநாதன் முனகினார். "மன்னிச்சுடும்மா."



வெறும் காற்றிலிருந்து நீலப் பொறி ஒன்று அவர் விரலுக்குத் தாவியது. டெரிலின் சட்டை குப்பென்று பற்றி, உருகி, தோலோடு ஒட்டிக்கொண்டது. கார்ல் தீயணைப்பு வாளியிலிருந்து மணலை வாரி வாரிக் கொட்டினான். அவன் மேல் ஒரு பொட்டுத் தீக்காயம் இல்லை. ஸ்வாமிநாதன் மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்தார்.

நடந்ததைச் சத்தியவதியின் புருஷன் சவரிமுத்துவிடம் போய்ச் சொன்னான் கார்ல். அவர் கேட்டது ஒன்றுதான்.

"ரொம்ப வேதனைப்பட்டானா?"

"ஆமாண்ணா."

"சரி" என்று சொல்லிவிட்டு அடுப்பில் கொதித்த சோற்றைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூன் மழையில் சுவர்கள் ஊறிக் கிடந்த ஒரு மதியம், செத்தவள் மீதான பழியை நீக்கச் சொல்லி கார்ல் முதலாளியின் அறைக்குப் போனான். ஊரெங்கும் கரண்ட் இல்லை. அத்தனை ஈரத்தில் நிலைமின்சாரம் சேரவே சேராது.

பழைய கதையைக் கிளறாதே, அவள் கட்டியது நைலானாகவே இருக்கட்டும் என்றார் முதலாளி.

அவர் தலைக்கு மேலே, அணைந்து கிடந்த ட்யூப்லைட் மெல்ல ஒளிரத் தொடங்கியது.