இரண்டு பன்னிரண்டுக்கு ஒரு போன்

முட்டிக்கொண்டார்கள். அதுவும் எங்கே? பேரிடர் மேலாண்மைப் பயிற்சி வகுப்பின் வாசலில்!

பிரிஸில்லாவின் துப்பட்டாவிலிருந்து சொட்டிய மழை, அவன் கையிலிருந்த வருகைப் பதிவேட்டை நனைத்தது.

"மூணு நாளா மழை எச்சரிக்கை கொடுத்துண்டு இருக்கோம்... பேரிடர் ஆபீஸ்காரா நீங்களே குடை இல்லாம வந்தா எப்படி மேடம்?"

"எச்சரிக்கை மட்டும் போதுமா சார்? ஒரு குடையும் தரணும், அல்லே?"

அவன் சிரித்தபடி கைக்குட்டையை நீட்டினான். சுமந்த்... இன்றைய பயிற்சியாளர். வாய் சிரித்தது, கண்கள் சிரிக்கவில்லை. அவளும் சிரித்துவிட்டாள், ஒரு வருஷம் கழித்து! 'அடி பாவி, நாளைக்கு விசாரணையை வச்சுக்கிட்டு உனக்கு இது தேவையா?' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இரண்டாவது வகுப்பில் திரையில் போன வருஷத்துப் பதிவுத்தாள் ஒன்று வந்தது. விழிஞ்ஞம் கரை. காற்றும் மழையும் இல்லாமல் திடீரென்று பொங்குமே, அந்தக் கள்ளக்கடல் எச்சரிக்கை. தாலுகா கட்டுப்பாட்டு அறை கிளார்க்குக்கு வந்தது மதியம் 2.10. கரையில் மைக்கில் அறிவித்தது 2.50. அதற்குள் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ராஜபாய் என்ற பெண்ணை அலை கொண்டுபோய்விட்டது.

"நடுவுல நாப்பது நிமிஷம்... தப்பு யாரோடது?"

"அந்த கிளார்க்குக்க தப்புதான்!" வகுப்பே கத்தியது.

பிரிஸில்லா எழுந்தாள்.

"அந்த கிளார்க் நான்தான் சார். மேல கேக்காம அறிவிக்கப்பிடாதுன்னு உத்தரவு. ரெண்டு பன்னிரண்டுக்கு ஜில்லா ஆபீசுக்குப் போன் போட்டேன். 'ஒரு நிமிஷம்'னு சொன்னாங்க... ரிசீவரைக் காதுல வச்சிட்டே இருந்தேன். கடைசியில உத்தரவு இல்லாமத்தான் மைக்கில சொன்னேன். நான் போன் போட்டதை யாரும் நம்பல. நாளைக்கு விசாரணை... எனக்க வேலை போயிரும். பின்ன எனக்கு எதுக்கு இந்தப் பயிற்சி?"

சுமந்தின் முகம் வெளுத்தது. அவள் வெளியே நடந்தாள்.

நடைபாதைச் சுவரில், பயிற்சி முடித்த ஒவ்வொரு குழுவின் போட்டோவும் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஒன்றின் அடியில் ராஜபாயை அலை கொண்டுபோன அதே தேதி! பின்னால் தெரிந்த கடிகாரத்தில் மணி இரண்டரை. இரண்டாவது வரிசையில் சுமந்த்... இதில் கண்களும் சிரித்தன.

"அந்தப் போனை எடுத்தது நான்தான்." பின்னால் வந்து நின்றிருந்தான். "அப்போ நான் ஜில்லா ஆபீஸ் டியூட்டியில இருந்தேன். உத்தரவு போடற சார் இங்க பயிற்சியில இருந்தார், அவரைக் கூப்பிடத்தான் ஓடி வந்தேன். 'நீயும் வந்து நில்லு'ன்னு இழுத்தார். போட்டோ... அப்புறம் பாயசம்... போனை மறந்தே போயிட்டேன். மொத விசாரணையில பயந்துண்டு, போனே வரலைன்னு சொல்லிட்டேன்."

"பாயசமா? அய்யோ, ஒரு உசுரு போச்சே சார்! நான்தான் கொன்னுட்டேன்னு ஒரு வருஷமா சோறு இறங்காம கிடந்தேன்... நீங்க அதையே பாடமா நடத்திட்டிருந்தியளா?"

அவன் போட்டோவைக் கழற்றி, பின்பக்கம் எழுதினான்: '2.12 – தாலுகாவிலிருந்து போன் வந்தது. எடுத்தவன் நான்.' கையெழுத்துப் போட்டான்.

"நாளைக்கு நானே வந்து கொடுக்கறேன். உங்க வேலை போகாது. நேக்குப் போகட்டும்... காலம்பற வாசல்ல பார்த்தப்பவே உங்களை நேக்குப் பிடிச்சுப் போச்சு மேடம். அதைச் சொல்லக்கூட அருகதை இல்லாதவன் நான்."

வெளியே மழை விட்டபாடில்லை. அவன் தந்த கைக்குட்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் பிடிச்சுப் போச்சு சார். ராஜபாய் அக்கா செத்த பிறகு இன்னைக்குத்தான் நான் சிரிச்சேன்... கர்த்தாவே, என்னைச் சிரிக்க வச்சது வேற யாராவதா இருந்திருக்கப்பிடாதா!"