காய்ந்த மண்ணில் ஒரு தடம்

மண் காய்ந்திருந்தது. தடம் மட்டும் ஆழமாக இருந்தது.

அவள் குந்தி உட்கார்ந்து கட்டைவிரலை மண்ணில் அழுத்தினாள். பதியவில்லை. நுனியில் தூசி ஒட்டியது, அவ்வளவுதான். இரண்டு மழைக்காலங்களுக்கு நடுவே சில வாரங்கள்தான் இந்த மலைக்கு இப்படி வாய்க்கும்: மரங்கள் சொட்டுவதை நிறுத்தும், வேர்களின் மேல் படிந்த பாசி கருகிச் சுருளும், பாதை முழுவதும் வெயிலில் போட்ட பழைய சாக்கு போல மணக்கும். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஆண்டு முழுவதும் காத்திருப்பது இதற்குத்தான். விரல் பதியாத மண்ணுக்கு.

அந்த மண்ணில் ஒரு டயர் கட்டைவிரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தது.

நேற்று மாலை கடைசியாக இறங்கியவர் தபால்காரர். அவருடைய டயர்தான், அவள் மாட்டிக் கொடுத்தது. தடம் உச்சியின் பக்கமிருந்து வந்தது. மூங்கில் வளைவுவரை ஆழமாக வந்து, வளைவில் சட்டென்று மேலெழும்பி, அங்கிருந்து அடிவாரத்துக் கேட்வரை கோழி நடந்த மாதிரி லேசாகப் போயிருந்தது.

பாதையைப் பராமரிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தடம் ஆழமாக இருந்தால் மண்ணைத்தான் சந்தேகப்படுவார்கள். ஓட்டியவரை யாரும் சந்தேகப்படுவதில்லை. வளைவுக்கு மேலே எங்கோ ஊற்று கசிகிறது, அடிமண் இளகியிருக்கிறது, மேல்மண் காய்ந்து ஏமாற்றுகிறது என்று அவள் முடிவு செய்தாள். கேட்டுக்கு இறங்கிவந்து பலகையில் பச்சைத் தகட்டைக் கழற்றிச் சிவப்பை மாட்டினாள்.

கேட்டை ஒட்டிய கொட்டகையில் தம்பி ஒரு சக்கரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தான். பின்னால்தான் வீடு. பள்ளிக்கூடம் விடுமுறை. அவன் மகள் கேட்டின் குறுக்குக் கம்பியில் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தாள்.

“காஞ்சு கெடக்கற நேரத்துல மூடுறியே, வாய்க்கு வந்தபடி திட்டுவாங்க” என்றான் தம்பி.

“திட்டட்டும். ஊத்து கசியுது. மூங்கில் வளைவுலேர்ந்து மேல போய்ப் பாரு. தண்ணி எங்க நிக்குதோ அங்க வெட்டிவிட்டுட்டு வா.”

“நீயே போயேன்.”

“நான் ஏறினா தடம் பதியும். நீ ஏறினா சைக்கிளுக்கே தெரியாது.”

“அப்பா ஈர்க்குச்சி!” என்றாள் மகள்.

“உங்க அத்தை வாயில விழுந்து எழுந்தவன் எவனும் இல்ல” என்று அவன் மண்வெட்டியை முதுகில் கட்டிக்கொண்டான். “வந்ததும் உனக்கு ஒரு ரவுண்டு. சரியா?”

மதியம் அவனிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, இங்க தண்ணியே இல்ல.”

“எங்க பாத்த?”

“வளைவுல எறங்கி வெட்டிப் பாத்தேன். அடிவரைக்கும் பொடியா வருது. இப்ப மேல போய்ட்டிருக்கேன்.”

“ஏன்டா இப்படி இரைக்குது உனக்கு?”

“தெரியல. பிரேக் ஒட்டுதோன்னு பாத்தேன். ஒட்டல.”

அவன் இரைப்புக்குப் பின்னால் இன்னொரு சத்தம் இருந்தது. ஈரத் துணியை யாரோ நிதானமாகப் பிழிவது போல. இணைப்பு அறுந்தது.

ஈரம் எந்த இடத்தில் என்று கேட்க அவள் தபால்காரரை அழைத்தாள்.

“ஈரமா? எங்கம்மா ஈரம்? நான் கட்டில்லேர்ந்தே எறங்கல. கால் ரெண்டும் கழண்டு போச்சு. ஊர்த் தபாலெல்லாம் ஆபீஸ்ல தூங்குது.”

“என்னாச்சுண்ணே?”

“இறக்கத்துல மிதிச்சுட்டு வந்தேன்.”

“இறக்கத்துல எதுக்கு மிதிக்கணும்? வயசாயிடுச்சுண்ணே உங்களுக்கு.”

அவர் சிரிக்கவில்லை. “உச்சியிலேர்ந்தே அப்படித்தான். மிதிக்கலேன்னா நின்னுடுது. மூங்கில் வளைவுல விழுந்தேன். எழுந்து ஏறினேன் பாரு, காத்தாப் பறந்துச்சு.” “வழியெல்லாம் திரும்பிப் பாக்கலாமான்னு இருந்துச்சும்மா. பாக்கல.”

தம்பியை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். அதற்குள் உச்சியிலிருந்து மேகம் இறங்கி மரங்களின் பாதி உயரத்தை மறைத்திருந்தது. சைக்கிளை எடுத்தாள்.

“கேட்டை விட்டு நகராத. அம்மா வேலையிலேர்ந்து வர்ற நேரம்தான். இங்கேயே நில்லு” என்றாள் குழந்தையிடம்.

மூங்கில் வளைவுவரை தம்பியின் தடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அத்தனை லேசு. வளைவில் அவன் இறங்கியிருந்தான். செருப்புத் தடம், வெட்டிய குழி, குழியின் அடியிலும் தூசி. தபால்காரர் விழுந்து சறுக்கிய கோடும் அங்கேயே இருந்தது. பக்கத்திலேயே.

தம்பி மறுபடி ஏறி மிதித்த இடத்திலிருந்து அவன் தடம் விரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தது.

அவள் மண்ணை அழுத்திப் பார்த்தாள். பதியவில்லை. எழுந்து காலால் ஓங்கி மிதித்தாள். பதியவில்லை. இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக அவள் மண்ணைச் சந்தேகப்படவில்லை.

மேலே ஏறினாள். மேகம் பாதையின் இரு பக்கமும் நெருங்கி வந்து நின்றது. இலைகளின் ஓசை அடங்கி, தன் செயின் பற்சக்கரத்தில் ஏறும் சத்தமும் தன் மூச்சும் மட்டும் காதுக்குள் கேட்க, காய்ந்த மலையில் இருக்கக்கூடாத ஒரு வாடை, நாள்கணக்காக மூடிவைத்த ஈரத் துணியின் வாடை, ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கூடியது. தடமும் கூடியது. ஒரு வளைவில் வேர் ஒன்று டயரின் கீழ் ஒடிந்திருந்தது. லாரி ஏறினால் ஒடியும் வேர்.

ஒரு சைக்கிள். ஒருவன். ஒல்லியானவன்.

போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை.

அப்போது கேட்டது. மேலே. மேகத்துக்குள். செயின் முறுகும் சத்தம். மிக மெதுவாக. ஒரு மிதி. பிறகு ஒரு மிதி.

“டேய்!”

செயின் நிற்கவில்லை.

மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் அவனைக் கண்டாள். பெடலின் மேல் எழுந்து நின்று, மொத்த உடம்பையும் போட்டு மிதித்துக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சைக்கிளின் பின்பக்க ஷாக் அப்சார்பர் முழுக்க நசுங்கி, சீட் டயரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

சீட்டில் யாரும் இல்லை.

அவள் இறங்கி, சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு நின்றாள். “எறங்குடா.”

“கிட்ட வராதக்கா.”

“எறங்குன்னு சொல்றேன்ல.”

“நான் எறங்கினா அதுவும் எறங்கும்.”

“எதுடா?”

“பாக்கல. பின்னங்கழுத்துல மூச்சு விடுது.” ஒரு மிதி. “சில்லுன்னு இருக்கு.”

“கீழ வா. வீட்டுக்குப் போலாம்.”

அவன் தலையை ஆட்டினான். திரும்பவில்லை. “தடத்தைப் பாத்தேல்ல? நேத்தே கீழ வந்துட்டிருந்துச்சு. அவரு விழலேன்னா கேட்வரைக்கும் வந்திருக்கும்.” ஒரு மிதி. பாதி மிதி. “கீழ பாப்பா நிக்கிறா.”

அவன் தொடை நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. பெடல் பாதியில் நின்றது. அவன் முனகினான். பெடல் பின்னால் போனது.

விழுந்தான்.

சைக்கிள் அவன்மேல் சரிந்தது. சரிந்த நிலையிலேயே அதன் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது. ஸ்ஸ்ஸ் என்று ஷாக் அப்சார்பர் மூச்சு விட்டது. நீளமாக. பிறகு அமைதி.

புல்லில் எதுவும் அசையவில்லை. வாடை மட்டும் இடம் மாறியது. எதிரில் இருந்தது. பக்கத்தில் வந்தது. அவளைக் கடந்தது.

“அக்கா. கால் இல்ல. கால் இருக்கறதே தெரியல.”

முதல் துளி அவள் கையில் விழுந்தது. அடுத்தது. காய்ந்த பருவம் முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தப் பாதையில் தண்ணீர் ஓடும். அவனைத் தூக்கிக்கொண்டு யாரும் நடக்க முடியாது. அவள் கீழே போனால்தான் ஆள் வரும். சைக்கிளில் போனால்தான் இருட்டுக்கு முன்னால்.

“அசையாம இரு” என்றாள். கைப்பிடியை விட்டுவிட்டு அவனருகே ஓடி மண்டியிட்டாள். மேலே கிடந்த சைக்கிளை இழுத்துத் தள்ளினாள். அவன் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். ஈர மரக்கட்டை போல இருந்தது.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா. நீ போவாத.”

அப்போதுதான் உறைத்தது. அவளுடைய சைக்கிளுக்கு ஸ்டாண்டு கிடையாது. கையை விட்டால் விழ வேண்டும்.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.

திரும்பினாள்.

மழையில், பாதையின் நடுவில், சைக்கிள் நேராக நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் அடிவரை தாழ்ந்திருந்தது. முன்சக்கரம் இறக்கத்தின் பக்கம் திரும்பியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெடல் மெல்லச் சுழன்று, அவள் கால் வைக்கத் தோதாக வந்து நின்றது.