அவன் கண்ணெதிரே

துணி ஊறவைத்த பக்கெட்டைச் சுவரோரமாக வைத்ததைச் செல்வி மறந்துவிட்டிருந்தாள். கட்டிலிலிருந்து எழுந்த அவள் புருஷன் தணிகைவேல் வழக்கம்போல் சுவரைத் தடவிக்கொண்டு பாத்ரூமுக்கு நடந்தான். பக்கெட் அருகே வந்ததும் அவன் கால் சற்று உயர்ந்து, அதைத் தாண்டி, மறுபுறம் பதிந்தது. கை மட்டும் சுவரைத் தடவிக்கொண்டே போனது.

தற்செயலாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவனுடைய இடது கண், சிப்காட் இரும்பு ஆலையில் தெறித்த துண்டு பட்டு எப்போதோ போய்விட்டது. இந்த வருடம் வலது கண்ணிலும் கறுப்புத் துணிபோல ஏதோ இறங்கி எல்லாவற்றையும் மூடியது. விழித்திரை பிரிந்துவிட்டது, உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார் டாக்டர். அவன் பயந்து மறுத்தான். செல்வி வற்புறுத்தவில்லை.

பார்வை இருந்தபோது அவன் அடித்ததில் அவளுக்குக் கடைவாய்ப் பல் போயிருந்தது. பார்வை போனபின் சத்தத்தை வைத்து அடித்தான். அவள் கொலுசைக் கழற்றினாள். வாயால் மூச்சுவிடப் பழகினாள். உருக்கிய இரும்பின் கருகல் நாற்றமும் ஆலையின் தடதடப்பும் நாளெல்லாம் நிறைந்திருந்த அந்த வீட்டில், அவன் கைகள் காற்றைத் துழாவ, ஒரு சாண் தள்ளி அசையாமல் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். போகப்போக அதில் ஒரு ருசி வந்தது. அவனுக்கு வெறும் ரசத்தை ஊற்றிவிட்டு, எதிரே உட்கார்ந்து முட்டையை மெதுவாகத் தின்பாள். சிரிப்பாள். நேற்று, பொன்னேரியிலிருக்கும் அக்கா வீட்டுக்கு ஓடிவிடலாமென்று, அவன் எதிரிலேயே பையில் புடவைகளை அடுக்கினாள்.

கொஞ்ச நாளாக அவன் கை ஓங்கவேயில்லை.

கட்டிலில் கிடந்த அவன் செல்போன் அடித்தது. எடுத்தாள்.

“தணிகைவேல் ஊடுங்களா? கண் ஆஸ்பத்திரிலேந்து பேசறோம். செக்கப்புக்கு வரலியே அவரு.”

“நான் அவரு சம்சாரம். இனிமே இன்னாத்துக்கு செக்கப்பு?”

“இன்னாம்மா இப்டி கேக்கறீங்க? போன மாசம் கூட்டாளியோட வந்தாரே. ஆபரேஷனே இல்லாம விழித்திரை தானா ஒட்டிக்கினு இருக்கு. ரொம்ப அபூர்வம்னு டாக்டரே சொன்னாரு. எல்லாம் நல்லா தெரியுதுன்னு சிரிச்சிக்கினே போனாரு. உங்ககிட்ட சொல்லலியா?”

அவள் போனை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

போன மாதம். முட்டை. சிரிப்பு. பை.

பாத்ரூமில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கடியில் இருந்த பையை உருவிக்கொண்டு வாசல் கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாளில், காலையில் இல்லாத பூட்டு.

தண்ணீர் நின்றது.

சுவரில் உள்ளங்கை உரசும் சத்தம். சுண்ணாம்பு உதிரும் சத்தம். அவள் கதவோடு ஒட்டி நின்றாள். வாயால் மூச்சு. அசையவில்லை. வேறெதுவும் செய்ய அவளுக்குத் தெரியவில்லை.

அவன் வந்தான். ஈரத் தலை ஒருபக்கம் சாய்ந்து, கண் கூரையைப் பார்த்திருந்தது.

“செல்வி. எங்க கீற?”

குரல் அவ்வளவு மிருதுவாக இருந்தது. சோப்பு வாசனை நெருங்கியது. விரல்கள் அவள் கன்னத்தருகே வந்தன. நின்றன. விலகின. பக்கத்துக் காற்றைத் துழாவின. மறுபடி வந்தன.

“இங்க இல்ல போல.”

பை அவள் கையிலிருந்து நழுவியது.

அவன் வலது கண் மட்டும் மெல்லக் கீழே இறங்கி, அவள் முகத்தில் வந்து நின்றது. கைகள் இன்னும் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தன.