நெடி வராத மிளகாய்

ஒரு சிட்டிகை தெருமண்ணுக்காகப் பிரகல்யா பத்தொன்பதாவது மாடியிலிருந்து இறங்கி, சிமெண்ட் போடாத இடம் தேடி அரைமணி நேரம் நடந்தாள். தூத்துக்குடியில் தங்கம்கூட வாசலுக்கு வந்து கொடுக்கிறார்கள், மண் கிடைப்பதில்லை. கடைசியில் ஒரு வேப்பமரத்து மூட்டில் கிள்ளி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தாள். காய்ந்த மிளகாய் ஏழு, கல்லுப்பு ஒரு கை, தெருமண் ஒரு சிட்டிகை. இவை இருந்தால்தான் சுடரி ஒன்பது சுற்றிப்போடும் வேலையைத் தொடங்கும் என்று கையேட்டில் போட்டிருந்தது.

சுடரி ஒன்பது என்பது அடுப்புதான். வெறும் அடுப்பு என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். எட்டு மாதம் கணவன் நித்திலனிடம் மூக்கால் அழுது வாங்கியது. இன்று மதியச் சாப்பாட்டுக்கு அவன் தம்பி அகிலேஷும் தம்பி மனைவி மகிழினியும் வருகிறார்கள். மகிழினி இந்த அடுப்பைப் பார்க்க வேண்டும், பார்த்து வயிறெரிய வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். அதற்குமேல் பிரகல்யா எந்தச் சாமியிடமும் எதுவும் கேட்கப் போவதில்லை.

இருபது வருஷப் புகைச்சல் அது. பிரகல்யா கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் இருந்தது கேஸ் அடுப்பு. இரண்டு பர்னரில் ஒன்று எரியாது. மற்றதற்கு லைட்டரை ஏழெட்டுத் தடவை சொடுக்க வேண்டும். அடம்பிடித்து அவள் சுடரில்லாத ஒரு காந்த அடுப்பு வாங்கினாள். அடுத்த மாதமே மகிழினி மருமகளாக வந்தாள், கூடவே பால் பொங்குமுன் தானே தணிகிற அடுப்பும் வந்தது. இவளும் அதை வாங்கினாள். அதற்குள் அவள் வீட்டில் பேசும் அடுப்பு. இவள் பேசும் அடுப்பு வாங்கியபோது அவள் வீட்டு அடுப்பு பேச்சை நிறுத்தியிருந்தது. கேட்காமலே ஆள் மனசறிந்து சமைப்பதுதான் இப்போது விசேஷமாம். இத்தனையிலும் மகிழினி ஒருநாள்கூடப் பெருமையடித்ததில்லை. பெருமையடித்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். அந்தப் பாவி மகள் அதற்கும் வழி வைக்கவில்லை.

நடுவில் ஒரு சட்டம் வந்தது. அடுக்குமாடிகளில் சுடர் கூடாது என்றார்கள். கேஸ் குழாய்களைப் பிடுங்கினார்கள். தீக்குச்சி வைத்திருந்தாலே அபராதம். சோறு அதுபாட்டுக்கு வெந்தது, யாருக்கும் குறையில்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சுற்றிய மிளகாயை எங்கே போடுவது? காந்த அடுப்புக்கு மிளகாய் ஒரு பொருட்டே இல்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று வளர்ந்த சனம், கையில் மிளகாயோடு அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தது.

தழலகம் என்ற கம்பெனி இதைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் அடுப்பின் நெற்றியில் கடுகளவில் ஒரு நோக்குணர்வியை வைத்தார்கள். ஒருவர் ஒன்றைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் கருவிழி விரியும், மூச்சு அரை நொடி நிற்கும், மூக்கு நுனி குளிரும். நோக்குணர்வி இதையெல்லாம் அளந்து, அந்தக் கண் எதன்மேல் நின்றதோ, யார்மேல் நின்றதோ, அதன் பேரில் எழுதிக்கொள்ளும். பக்கத்திலேயே மிளகாய்க் குழி. மிளகாய் கருகினால் நெடி வர வேண்டும், வராவிட்டால் கண்ணு பட்டிருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம்தானே. அதன்படியே செய்தார்கள். அளவு நாற்பதைத் தாண்டினால் குழிக்குமேல் இருக்கும் புகை உறிஞ்சி திறந்து நெடியை முழுங்கிவிடும். தாண்டாவிட்டால் நெடி வீடெல்லாம் பரவும்.

அப்புறம் நடந்ததைக் கம்பெனிக்காரனே எதிர்பார்க்கவில்லை. கண்ணுக்குப் பயந்த சனம் கண்ணுக்கு ஏங்க ஆரம்பித்தது. நெடி வராத வீடு என்றால் நாலு பேர் பார்த்துப் புழுங்குகிற வீடு. நெடி வந்தால் அந்த மாடி முழுக்க இருமும். யார் வீட்டில் பொறாமைப்பட ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் மிளகாய்க் குழியைத்தான் எட்டிப் பார்த்தார்கள்.

போன வருஷம் மகிழினி சுடரி எட்டு வாங்கியபோது பிரகல்யாவும் நித்திலனும் போயிருந்தார்கள். மிளகாய் போட்டாள். நெடி இல்லை. எழுபத்தொன்று என்றது அடுப்பு. யாருடைய கண் என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை, அதனால் அது சொல்லவில்லை. ஊர்க்கண்ணாக இருக்கும் என்று மகிழினி சிரித்துவிட்டு மோர் ஊற்றினாள். ஊர் எங்கே வந்தது? அந்த அடுக்களையில் விருந்தாள் என்று இருந்தது இவர்கள் இரண்டு பேர். நித்திலனுக்கு அடுப்புக்கும் அலமாரிக்கும் வித்தியாசம் தெரியாது. அன்றைக்கு மோர் பிரகல்யாவுக்கு இறங்கவில்லை. அந்த எழுபத்தொன்றைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

பன்னிரண்டரைக்கு வந்தார்கள். ஆண்கள் இருவரும் நேரே சாப்பாட்டு மேசைக்குப் போனார்கள். பிரகல்யா மகிழினியின் கையைப் பிடித்து அடுப்பின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். சீலா மீன் வறுபட்டுக்கொண்டிருந்தது. சட்டிக்கு அடியில் ஒளியால் செய்த பொய்ச்சுடர் நிஜத்தீ மாதிரியே ஆடியது. இதில் இன்னொரு விசேஷம் உண்டு, விறகு வாசம் வரும். எத்தனையோ தலைமுறைப் பெண்கள் புகையில் கண்ணைக் கசக்கி, புகைபோக்கி வைத்து, கேஸ் வாங்கி, கேஸையும் விட்டு, ஒருவழியாகத் துரத்திய புகையை இப்போது கூடுதல் விலைக்கு விற்றார்கள். பிரகல்யா அதையும் வைத்துக் காட்டினாள்.

மகிழினி பார்த்தாள். குனிந்து பார்த்தாள், பொய்ச்சுடரில் விரலைக்கூட நீட்டிப் பார்த்தாள். பிரகல்யா அடுப்பைப் பார்க்கவில்லை. மகிழினியின் கருவிழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்குக்கா. ஒங்களுக்கு இது வேண்டியதுதான், எவ்வளவு நாளா ஆசப்பட்டீய" என்றாள் மகிழினி. அவள் முகத்தில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். அவர்கள் வீட்டுச் சுடரியை மாடியில் புதிதாகக் குடிவந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். வீட்டில் இரண்டே பேர், ஒரு தட்டு காந்த அடுப்பு போதும் என்று தோன்றிவிட்டதாம். பிரகல்யா எட்டு மாதம் அழுது வாங்கியதை ஒருத்தி வேண்டாம் என்று தூக்கிக் கொடுத்திருக்கிறாள். கொடுத்துவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறாள். அந்தத் தெளிந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பின் நெற்றியில் அந்தக் கடுகளவு நோக்குணர்வி சிமிட்டியதை அவள் கவனிக்கவில்லை.

சாப்பாடு முடிந்தது. ஆண்கள் அடுக்களை வாசலில் வந்து நின்றார்கள். பிரகல்யா மிளகாயும் உப்பும் மண்ணும் கையில் பொத்தி, அடுப்பை மூன்று சுற்றுச் சுற்றிக் குழியில் போட்டாள். அடுப்பு பெண் குரலில், ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நொள்ளக் கண்ணு என்று சொல்லி முடித்தது. மிளகாய் வெடித்தது.

நெடி வந்தது. அப்படி ஒரு நெடி. நித்திலன் இருமிக்கொண்டே ஜன்னலுக்கு ஓடினான். எதிர்வீட்டில் யாரோ தும்மினார்கள், பக்கத்து வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

"அடுப்பின்மேல் கண்ணேறு மூன்று. கவலை வேண்டாம், யார் கண்ணும் படவில்லை" என்றது சுடரி ஒன்பது.

அந்த மூன்றும் நித்திலனுடையதாக இருக்கும், மீன் வறுவலைப் பார்த்து வந்ததாக இருக்கும். பிரகல்யா இருமலோடு இருமலாக மேசையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். மகிழினி அவள் முதுகைத் தடவிவிட்டாள். தண்ணீர் கொடுத்தாள். சங்கடத்தை எப்படியாவது மாற்ற வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, அடுப்பின் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒருதடவ சுத்திப் போடுங்கக்கா. காலைலருந்து நல்லாத்தான் இருந்தேன். இங்க வந்தப்புறம் ஒரே மண்டையிடி."

மிளகாய் தீர்ந்துபோச்சு என்றாள் பிரகல்யா. அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருக்கிறதே என்று நித்திலன் எடுத்துவந்தான். இருபது வருஷத்தில் முதல்முறையாக அடுக்களையில் ஒரு சாமான் அவன் கண்ணில் பட்டிருக்கிறது. மண் இல்லை என்றாள். கைக்குட்டையில் மிச்சம் இருந்தது. மூத்தவள் கையால் சுற்றினால்தான் பலன் என்று அகிலேஷ் வேறு சொன்னான். இனிமேல் மாட்டேன் என்றால் மண்டையிடி யாரால் என்பதற்கு அதுவே பதிலாகிவிடும்.

மகிழினி கண்ணை மூடிக்கொண்டாள். பிரகல்யா அவள் தலையை மூன்று சுற்றுச் சுற்றினாள். ஒரு மிளகாய் நழுவி மகிழினியின் மடியில் விழுந்தது. அவள் கண்ணைத் திறக்காமலே அதை எடுத்து நீட்டினாள். ஏழு மிளகாயையும் குழியில் போட்டாயிற்று. அடுப்பு சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தது. மிளகாய் வெடித்துச் சிவந்து கரியாகியது. நாலு பேரும் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. நெடிக்குப் பதிலாக மீன் வாசமும் விறகு வாசமும்தான் வந்தன.

"எதிரில் இருப்பவர்மேல் கண்ணேறு தொண்ணூற்று நான்கு. யாருடையது என்று சொல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை" என்றது அடுப்பு.

அகிலேஷ் கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். நித்திலன் மிளகாய் டப்பாவை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். மகிழினி மெதுவாக எழுந்து நாற்காலியை முன்பு இருந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டாள். நெற்றியை ஒருதடவை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

"மண்டையிடி போயிருச்சுக்கா" என்றாள்.

பிரகல்யா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. "நெடி தாங்கல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.